மீதி ஆறு கட்டங்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடிக்கும். அவன் அதை அணைத்துவிட்டு எழுவான். பல் துலக்குவான். பாலைக் காய்ச்சுவான். இரண்டு கோப்பை தேநீர் போடுவான். ஒன்றில் சர்க்கரை கிடையாது. நான்கு ரொட்டித் துண்டுகளை வாட்டுவான். ஒரு தம்ளர் வெந்நீரை ஆற்றி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அத்தையின் பக்கத்தில் வைப்பான். பிறகு மாத்திரை டப்பாவை எடுப்பான்.

அத்தை என்றால் அவன் மனைவியின் அம்மா. எழுபத்து நான்கு வயது. மனைவி இறந்து ஐந்து வாரம் ஆகப்போகிறது. வீட்டில் இப்போது இவர்கள் இரண்டு பேர்தான்.

டப்பா நீளமானது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டம், ஏழு மூடி. அன்றைய மூடியைத் திறந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் கவிழ்ப்பான். ஐந்து மாத்திரை விழும். இரண்டு வெள்ளை, ஒரு பழுப்பு, ஒரு இளஞ்சிவப்பு, ஒரு பொடி மஞ்சள். அத்தைக்கு முடக்குவாதம். விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்கிப் போயிருந்தன. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்க அவளால் முடியாது. அதனால்தான் டப்பா. அவள் கடைசி மாத்திரையை விழுங்கும்வரை அவன் பக்கத்திலேயே நிற்பான்.

“டிப்போவுலயும் டிரைவருங்க பக்கத்துல இப்படித்தான் போய் நிப்பீங்களா மாப்ளே?” என்று அத்தை கேட்பாள்.

“அவங்க மாத்திரை சாப்பிடறதில்ல அத்தை.”

“உங்களைப் பார்த்தா அவங்களுக்கும் வேண்டியிருக்குமே.”

அவன் சிரிக்க மாட்டான். ஆனால் காதில் வாங்கிக்கொள்வான். ஏழு பத்துக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவான்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தை ரொட்டியைத் தொடவில்லை. தேநீர் ஏடு கட்டிக் கிடந்தது.

“ஏன் அத்தை?”

“பசிக்கல.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க.”

“நேத்தும் பசிக்கல.”

தம்ளரை எடுத்துக் கழுவப் போனவன் அதன் விளிம்பைப் பார்த்தான். சிவப்பாக ஒரு கோடு. திரும்பி வந்தான்.

“வாயைத் திறங்க.”

“பல் பிடுங்கற டாக்டராட்டம் அதிகாரம் வேற” என்றாள். ஆனாலும் திறந்தாள். நாக்கு, கன்னத்தின் உட்புறம், எங்கே பார்த்தாலும் புண். ஈறு ஓரமெல்லாம் ரத்தம் கசிந்து நின்றது. புடவையை லேசாக உயர்த்திக் காலைப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் குத்தினாற்போலப் புள்ளிகள். நெற்றியில் கை வைத்தான். நெருப்பாய்க் கொதித்தது.

“எத்தனை நாளா இது?”

“ஒரு வாரம் இருக்கும். சூடா ஏதாவது குடிச்சிருப்பேன்.”

ஐந்து வாரத்துக்கு முன்பும் இதே கூடத்தில்தான் இப்படி நின்றான். அப்போது கூப்பிட்ட வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. இப்போது வண்டிக்காகக் காத்திருக்கவில்லை. அத்தையை அப்படியே தூக்கிக்கொண்டு படியிறங்கினான். எடை ஒன்றுமே இல்லை.

“பக்கத்து வீட்டுக்காரங்க பார்க்கறாங்க மாப்ளே.”

“பார்க்கட்டும்.”

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் மருத்துவர் அவனை அழைத்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. ரத்த நோய்களைப் பார்ப்பவர். எதையும் சுற்றி வளைக்கவில்லை.

“வெள்ளை அணு நாலாயிரத்துக்கு மேல இருக்கணும். இவங்களுக்கு எழுநூறுதான் இருக்கு. ரத்தம் உறையறதுக்கான தட்டணு ஒன்றரை லட்சம் இருக்கணும். இருக்கறது பதினெட்டாயிரம். ரத்தம் ஊற வேண்டிய இடமே வேலையை நிறுத்திடுச்சு.”

“புற்றுநோயா?”

“அதுக்கு முன்னாடி இன்னொண்ணு பார்க்கணும். வீட்டுல இவங்க சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் அப்படியே கொண்டு வாங்க. சீட்டு மட்டும் வேண்டாம். மாத்திரையையே கண்ணால பார்க்கணும்.”

போய் எடுத்து வந்தான். டப்பாவை மேசைமேல் வைத்தபோது அவனுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அட்டை அட்டையாக அள்ளிவந்து கொட்டியிருப்பார்கள். இவன் டப்பாவில் ஒரு மாத்திரை பிசகியதில்லை.

மருத்துவர் சனிக்கிழமையைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமையைத் திறந்தார். பொடி மஞ்சள் மாத்திரையை விரல் நுனியில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடியும் சனிக்கிழமையைப் பார்த்தார்.

“இதை யார் போட்டது?”

“நான்தான்.”

“எத்தனை நாளா தினமும் கொடுக்கறீங்க?”

“இருபத்து நாலு நாளா.”

மருத்துவர் மாத்திரையைத் திரும்ப அதே கட்டத்தில் வைத்தார். மெதுவாகத்தான் சொன்னார்.

“தம்பி, இது வாரத்துக்கு ஒண்ணு.”

டிப்போவில் அவன் வேலை பணிப்பட்டியல் போடுவது. எந்த ஓட்டுநர், எந்த நடத்துநர், எந்த வண்டி, எந்த நேரம் என்று பெரிய தாளில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் எங்கேயோ ஒரு நிறுத்தத்தில் நாற்பது பேர் வெயிலில் நிற்கிறார்கள் என்று பொருள். எட்டு வருடமாக இதே வேலை. காலிக் கட்டத்தைக் கண்டால் கை தானாகப் பேனாவைத் தேடும்.

மனைவி இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள்தான் டப்பாவை நிரப்புவாள். அன்றும் உட்கார்ந்தாள். தலைவலி என்று எழுந்து வந்து படுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து எழுப்பினான். எழவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். முப்பத்தொரு வயது.

ஒன்பது நாள் வீடு நிறைய ஆட்கள். பத்தாம் நாள் எல்லோரும் போனார்கள். அப்போதுதான் டப்பா அவன் கண்ணில் பட்டது. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் யாரோ தள்ளி வைத்திருந்தார்கள். ஏழு மூடியும் திறந்தபடி கிடந்தன. பக்கத்திலேயே மஞ்சள் மாத்திரை அட்டை. திங்கட்கிழமைக் கட்டத்தில் ஐந்து மாத்திரை. மற்ற ஆறிலும் நான்கு நான்கு. ஆறிலும் மஞ்சள் இல்லை.

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. மஞ்சளைப் போட ஆரம்பித்திருக்கிறாள். முதல் கட்டத்தில் போட்டதுமே தலைவலி வந்திருக்கிறது. எழுந்து போய்விட்டாள். வேலை அந்த இடத்தில் நிற்கிறது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அட்டையிலிருந்து ஆறு மாத்திரைகளைப் பிதுக்கி மீதி ஆறு கட்டத்திலும் ஒவ்வொன்றாக வைத்தான். மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூடினான். அந்தப் பத்து நாளில் முதல்முறையாக அவள் விட்டுப்போன ஒரு வேலையை அவளுக்காகச் செய்ததுபோல் இருந்தது. மனசு கொஞ்சம் அடங்கியது. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிரப்பினான். அட்டை தீர்ந்ததும் காலி அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனான். “அதுக்குள்ள தீர்ந்துடுச்சா?” என்று கடைக்காரர் கேட்டார். “ஆமா” என்றான். வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அது அத்தாட்சியாகவே பட்டது அவனுக்கு.

ஆக, அவள் எதையும் பாதியில் விட்டுப் போகவில்லை. டப்பாவை முழுசாக நிரப்பி முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள்.

“இளவயசுக்காரங்களா இருந்தா உடம்பு இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிச்சிருக்கும்” என்றார் மருத்துவர். “வயசானவங்களுக்குச் சிறுநீரகம் மெதுவா வேலை செய்யும். மருந்து வெளியே போகாம உள்ளேயே சேர்ந்துக்கிட்டே இருக்கும். இதை முறிக்கறதுக்கு ஊசி இருக்கு. இப்பவே ஆரம்பிக்கறோம். ஆனா கிருமி எதுவும் உள்ளே புகுந்துடக் கூடாது. அடுத்த ஒரு வாரம்தான் கண்டம்.”

“பிழைச்சுடுவாங்களா?”

“நேரத்துல கொண்டு வந்துட்டீங்க. அதை மட்டும் இப்போதைக்கு வெச்சுக்குங்க.”

அத்தையைத் தனி அறையில் படுக்கவைத்தார்கள். உள்ளே போகிறவர்கள் முகமூடி, மேலங்கி, கையுறை எல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. அவன் வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். மனைவியின் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னான். அம்மாவுக்கு ரத்த அணு குறைந்துவிட்டது, வாருங்கள் என்று மட்டும். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

மச்சான் மறுநாள் மதியம் விமானத்தில் வந்து இறங்கினார். வேறொரு நாட்டில் குளிர்சாதனக் கிடங்கு ஒன்றுக்கு மேலாளர். நேராக உள்ளே போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, முகமூடியைக் கழற்றிக்கொண்டே நடைபாதைக்கு வந்தார்.

“அம்மா சொன்னாங்க மாப்ளே. வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டியதைத் தினமும் எடுத்துப் போட்டுக்கிட்டாங்களாம். ஞாபகம் தப்பிப் போச்சுன்னு அவங்க வாயாலயே சொல்றாங்க. எங்க அப்பாவுக்கும் கடைசியில இப்படித்தான் ஆரம்பிச்சுது. நீங்க வேலைக்குப் போற ஆள், எத்தனைன்னுதான் பார்ப்பீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, இனி அம்மா இங்க இருக்கறது சரிப்படாது.”

அவன் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். அத்தை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மடங்கிய விரல்கள் விரிப்பின்மேல் கிடந்தன. அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்க முடியாத விரல்கள். இதை மகன் யோசித்துப் பார்க்கவில்லை. தூரத்தில் இருக்கும் மகன்.

தலையாட்டினால் போதும். பழி அத்தையோடு போய்விடும். ஆனால் நாளைக்கு அவளை ஞாபகம் கெட்டவள் என்று நடத்துவார்கள். ஒவ்வொரு பேச்சையும் சந்தேகத்தோடு கேட்பார்கள். ஊர்ப்பட்ட விஷயத்தை விரல்நுனியில் வைத்திருப்பவள் அவள். உண்மையைச் சொன்னால், அவளை இனி அவன் கையில் யாரும் விடமாட்டார்கள். அந்த வீட்டில் அவனும் மாத்திரை டப்பாவும்தான் மிஞ்சும்.

“அத்தைக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு மச்சான்” என்றான். “டப்பாவுல போட்டது நான். தினமும் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அவங்க விழுங்கறவரைக்கும் பக்கத்துலயே நின்னேன்.”

மச்சானுக்குச் சட்டென்று ஏறவில்லை. ஏறியதும் முகம் கறுத்தது.

“நீயா?”

“ஆமா.”

“படிச்சவன்தானே நீ? அட்டையில எழுதியிருக்கறதைப் படிக்க மாட்டியா? அம்மாவைப் பார்த்துக்கோன்னு சொல்லிட்டுத்தான் என் தங்கச்சி கண்ணை மூடினாளாம். சொந்தக்காரங்க ஒருத்தர் பாக்கியில்லாம எங்கிட்ட சொல்லி அழுதாங்க. இதுதான் நீ பார்த்துக்கற லட்சணமா?”

அதற்குச் சொல்ல ஒன்று இருந்தது. ஆனால் நடைபாதையில் நின்று சொல்கிற சங்கதி இல்லை அது.

“குணமாகட்டும். நான் கையோட கூட்டிட்டுப் போறேன்” என்றார் மச்சான். பேச்சு அதோடு முடிந்தது.

அதன்பிறகு நாட்களை எண்ணிக்கையால்தான் அவன் அறிந்தான். சனிக்கிழமை வெள்ளை அணு அறுநூற்று ஐம்பது. ஞாயிறு ஐந்நூறு. அன்று அத்தைக்குக் காய்ச்சல் ஏறிக் குளிர் தூக்கிப்போட்டது. மச்சானும் அவனும் நடைபாதை பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். மாலையில் மச்சான் எழுந்து போய் இரண்டு தேநீர் வாங்கி வந்தார். ஒன்றை அவன் பக்கம் நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். திங்கட்கிழமை ஐந்நூறு. செவ்வாய் எழுநூறு. டிப்போவிலிருந்து தொலைபேசி வந்தது. பணிப்பட்டியலை வேறு யாரோ போட்டிருந்தார்கள், ஒரே ஓட்டுநருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வண்டி. “பார்த்துச் சரி பண்ணுங்க” என்றான். அவனுக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை. புதன் ஆயிரத்து நூறு. வியாழன் ஆயிரத்து எண்ணூறு. வெள்ளிக்கிழமை மருத்துவர் நடைபாதையில் போகும்போதே விரல்களைக் காட்டிவிட்டுப் போனார். மூன்று. மூவாயிரம். மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

சனிக்கிழமை மதியம் அத்தை அவனை மட்டும் உள்ளே வரச் சொன்னாள்.

முகமூடி போட்டுக்கொண்டு போய்க் கட்டிலருகே நின்றான். அத்தையின் உதட்டில் காய்ந்த புண்கள். கண்ணில் மட்டும் பழைய தெளிவு.

“உட்காருங்க. கொள்ளைக்காரனாட்டம் மூஞ்சியை மூடிக்கிட்டு நிக்காதீங்க, பயமா இருக்கு.”

உட்கார்ந்தான்.

“எம்மகன்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க? நான் கஷ்டப்பட்டு ஒரு பொய்யைச் சொல்லிவெச்சா, ஒரு நாள்கூட அதை இருக்கவிடலையே நீங்க.”

“பொய் சொல்ல வேண்டாம் அத்தை. நான் பண்ணினது தப்பு. உங்க உயிரே…”

“இருங்க. எனக்கும் அதுல பங்கு இருக்கு.” அத்தை கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “அந்த மஞ்ச மாத்திரை திங்கட்கிழமைக்கு மட்டும்தான்னு எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா முழுங்கறேன். முதல்ல, டாக்டர்கிட்ட ஏதோ கேட்டு மாத்தியிருக்கீங்கன்னு நெனச்சேன். மூணாவது வாரம் வாய் புண்ணானப்போ சந்தேகம் வந்துச்சு.”

“அப்பவே கேட்டிருக்கலாமே!”

“கேட்டிருக்கலாம். ஆனா வாரம் பூரா ஒரு வார்த்தை பேசாம, பொம்மை மாதிரி போறீங்க வர்றீங்க. ஞாயித்துக்கிழமை அந்த டப்பா முன்னாடி உட்காரும்போது மட்டும்தான் மனுஷன் மாதிரி இருந்தீங்க. நாக்கைக் கடிச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா எண்ணி எண்ணி வெச்சீங்க. அதுல போய் நான் எப்படித் தப்பு சொல்லுவேன்? இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிக்கிட்டே போனேன். இவ்வளவு தூரம் போகும்னு யாரு கண்டா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். முகமூடிக்குள் மூச்சு சூடாக இருந்தது. ஆறு வாரமாக வராதது அப்போது வந்தது. சத்தமில்லாமல் அழுதான். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. அடங்கியதும் கையை நீட்டி, கையுறை போட்ட அவன் விரல்களின்மேல் வைத்தாள்.

“இப்ப இன்னொண்ணு கேக்கணும். அவன் என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு ஒத்தைக் காலுல நிக்கறான். போறதா இருக்கறதான்னு நான்தான் முடிவு பண்ணணும். அதுக்கு இது தெரிஞ்சாகணும். அம்மாவைப் பார்த்துக்கோன்னு அவ உங்ககிட்ட சொன்னாளா? ஏன்னா, அந்த வார்த்தைக்காகத்தான் நீங்க என்கூட இருக்கீங்கன்னா, வேண்டாம் மாப்ளே. முப்பத்து நாலு வயசுல ஒரு கிழவிக்கு வெந்நீர் ஆத்திக் கொடுத்துக்கிட்டு, செத்துப்போனவ வாங்கின சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு உக்காந்திருக்கணும்னு ஒண்ணும் தலையெழுத்து இல்ல. நான் அவன்கூடப் போயிடறேன்.”

அவன் நிமிர்ந்தான்.

“அவ அப்படிச் சொல்லல அத்தை.”

“சொல்லலையா?”

“அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் கடைசியா என்ன சொன்னான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்கு வாய் வரல. யாரோ ஒரு பெரியம்மா, ‘அம்மாவைப் பார்த்துக்கோன்னு சொல்லியிருப்பா, பாவம்’னாங்க. நான் தலையை ஆட்டிட்டேன். அவ்வளவுதான். அப்புறம் ஆளாளுக்கு அதையே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.”

“அப்ப யார் சொல்லி நீங்க என்கூட இருக்கீங்க?”

“யாரும் சொல்லல.”

அத்தை அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுபோல் உதட்டை அசைத்தாள். பிறகு தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“அப்ப சரி. எம்மகன்கிட்ட நான் பேசிக்கறேன். அவன் குதிப்பான். குதிக்கட்டும். அவன் வந்து பார்த்துட்டுப் போகட்டும். நான் வீட்டுக்குத்தான் வரப்போறேன். மாத்திரை விஷயம் மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். நீங்க எடுங்க, நான் சொல்றேன்.”

“சரி அத்தை.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் கிரீச்சிட்டது. அது ஓய்ந்ததும் அத்தை கேட்டாள்.

“நிஜமா என்னதான் சொன்னா?”

“வேண்டாம் அத்தை.”

“ஏன், என்னைப் பத்தி ஏதாவது திட்டினாளா?”

“இல்ல. அது… உங்ககிட்ட சொல்ற மாதிரி இல்ல.”

“அவளைப் பெத்தவ நான். என் காதுல விழக் கூடாத வார்த்தையை அவ எங்க போய்க் கத்துக்கிட்டா? சொல்லுங்க.”

அவனுக்குக் காது மடல் சூடானது. அன்று மதியம் அவன் கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி வந்து, நெற்றியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் அவன் தோளைத் தட்டினாள். அவன் கண்ணைத் திறக்காமலே நகர்ந்தான். அவள் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

அத்தையின் முகத்தைப் பார்க்காமல், மனைவி சொன்னதை அப்படியே சொன்னான்.

“கொஞ்சம் தள்ளிப் படேன். ஊரையே வளைச்சுப் போட்ட மாதிரி படுத்திருக்க.”